பத்து மணிக்கு மேல் கேட்ட சத்தம்: நம் சாலையின் கூத்து வரலாறு



சென்ற சித்திரையில் ஒரு சனிக்கிழமை இரவை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். பதினொன்றே முக்காலுக்கு நம் வாட்ஸ்அப் குழுவில் "இது என்ன சத்தம்?" என்று ஒருவர் கேட்டார். பக்கத்து ஊரில் பாரதக் கூத்து என்று ஒருவர் பதில் போட்டார். அடுத்த அரை மணி நேரம் குழு நிற்கவே இல்லை. காலை ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், வயதான அம்மாவுக்குத் தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தவர்கள் என்று எல்லோருக்கும் சொல்ல நியாயம் இருந்தது. "யாராவது போலீசுக்கு போன் பண்ணுங்களேன்" என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். யாரோ பண்ணினார்கள். பன்னிரண்டரைக்கு மைக் நின்றது.

அதன் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். மைக் நின்றதும் கூத்தும் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. பால்கனியில் நின்றபோது, வயலைத் தாண்டி, ஒலிபெருக்கி இல்லாமல், ஒரு ஆளின் வெறும் குரல் வந்தது. கூடவே ஆர்மோனியமும் மிருதங்கமும். மைக்கில் இரைச்சலாகக் கேட்டது இப்போது பாட்டாகக் கேட்டது. அன்று பகடை துகில் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சூதாட்டத்தில் தருமன் தோற்று, திரௌபதியைச் சபைக்கு இழுத்து வரும் இரவு. நடுச்சபையில் அவள் நியாயம் கேட்கும் இடத்தில்தான் நாம் மைக்கை நிறுத்தியிருக்கிறோம்.

இரண்டு வாரம் கழித்து நம் பொதுக்குழுக் கூட்டம். ஆண்டு விழாவுக்கு இந்த முறை சினிமாப் பாட்டுக் கச்சேரி வேண்டாம், புது மாதிரி இசை, சமகாலக் கலை என்று சென்னையிலிருந்து யாரையாவது அழைக்கலாம் என்று பேச்சு வந்தது. நல்ல யோசனைதான். எனக்கு மட்டும் அந்த இரவு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அதனால் நம் சுற்றுவட்டாரத்தில் புதிய கலை, புதிய இசை என்று என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

மாமண்டூர் மலையில் ஒரு ராஜாவின் சோதனை

நம்மில் பாதிப் பேர் சிப்காட் வந்த பிறகு இங்கே குடியேறியவர்கள். வெம்பாக்கம் என்றால் மாங்கால் கூட்ரோடு, கம்பெனி பஸ், சனி ஞாயிறு காஞ்சிபுரம், புடவை எடுக்க ஆரணி என்பதோடு நம் பூகோளம் முடிந்துவிடுகிறது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில் தூசி மாமண்டூர் ஏரியைப் பார்த்திருப்போம். ஏரிக்கரையை ஒட்டிய சிறு மலையில் குடைவரைகள் இருப்பதை எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருக்கிறோம்?

அதில் ஒரு குடைவரையில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். எழுத்து நிறையச் சிதைந்துவிட்டது. ஆனாலும் மத்தவிலாசப் பிரகசனம் என்ற நாடகத்தின் பெயர் அதில் தெரிகிறது. சிதைந்த வரிகளில் இசையைப் பற்றியும் பேச்சு இருப்பதாக ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள்.

மத்தவிலாசம் மகேந்திரவர்மனே எழுதிய கேலி நாடகம். கதை நடக்கும் இடம் அவனுடைய சொந்தத் தலைநகரமான காஞ்சிபுரம். குடித்துவிட்டுத் திரியும் ஒரு காபாலிகன் தன் கபாலப் பாத்திரத்தைத் தொலைத்துவிடுகிறான். ஒரு பௌத்த பிட்சுதான் எடுத்தார் என்று சண்டைக்குப் போகிறான். பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதர் வருகிறார். கடைசியில் பாத்திரம் ஒரு பைத்தியக்காரனிடம் இருந்து கிடைக்கிறது. அரியணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் தன் ஊர்ச் சாமியார்களை இப்படிக் கேலி செய்து நாடகம் எழுதியது அந்தக் காலத்துக்குச் சின்ன விஷயமா? நாடகத்தின் ஏடுகள் கேரளத்தில் கிடைத்து, 1917-இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி அதைப் பதிப்பித்தார். கேரளக் கோயில்களில் சாக்கியார்கள் இதைக் கூத்தாக நடித்து வந்திருக்கிறார்கள். நாடகத்தின் பெயர் நம் மலையில் இருக்கிறது, ஆட்டம் மலையாள நாட்டில் தங்கிவிட்டது.

மகேந்திரவர்மனுக்குப் பல பட்டப்பெயர்கள். சித்திரகாரப்புலி என்பது ஒன்று. விசித்திரசித்தன் என்பது இன்னொன்று. யாரும் நினைக்காததை நினைப்பவன் என்று சொல்லலாம். விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் அவன் குடைந்த கோயிலில், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இதைச் செய்தேன் என்று கல்வெட்டில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறான். இதுவரை செய்யாத பொருளில், இதுவரை செய்யாத முறையில் செய்து பார்ப்பதைத்தானே இன்று நாம் பரிசோதனைக் கலை என்கிறோம்? அப்படிப் பார்த்தால் இந்தச் சாலையில் அது தொடங்கி 1,400 ஆண்டு ஆகிறது.

கூத்தின் இசை எப்படி வளர்ந்தது

மகேந்திரவர்மனிலிருந்து நேராக இன்றைய கூத்துக்கு ஒரு கோடு இழுத்துவிட நான் முயலவில்லை. நடுவில் பல நூற்றாண்டுகள் இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் ஒரு குணம் பொது. கைக்குக் கிடைத்த புதியதை எடுத்துச் செய்து பார்ப்பது.

கூத்து பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் கோடையில் பாரத விழா நடக்கும். பத்து நாளுக்கு மேல் போகும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் உயரமான பனை மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். மேலேயிருந்து அவர் போடும் எலுமிச்சம் பழத்துக்குப் பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள். கடைசி நாள் காலையில் மண்ணில் பெரிய உருவமாகச் செய்து கிடத்திய துரியோதனனின் படுகளம், மாலையில் தீமிதி. பல ஊர்களில் கூத்து என்பது தனி நிகழ்ச்சி அல்ல, கோயில் சடங்கின் பகுதி. அதனால்தான் அன்று மைக் நின்றும் அவர்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

கூத்து இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும் வரை நடக்கும். மேடைக்குப் பின்பக்கம் பெஞ்சு போட்டு வாத்தியக்காரர்கள் உட்காருவார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை. முகவீணை பெயரில்தான் வீணை. பார்க்க நாதஸ்வரத்தின் தம்பி மாதிரி இருக்கும் சின்ன ஊதுகருவி. சத்தம் கூர்மையாக, உச்சத்தில் இருக்கும். கட்டியக்காரன் வந்து ஊரை வம்புக்கு இழுத்துச் சிரிக்க வைப்பான். பெரிய வேஷம் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்தே வேஷக்காரர் பாடத் தொடங்குவார். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரத்தில் செதுக்கிக் கண்ணாடியும் சரிகைக் காகிதமும் ஒட்டியவை. இந்தக் கட்டைகளைக் கட்டி ஆடுவதால் கட்டைக்கூத்து. தெருவில் ஆடுவதால் தெருக்கூத்து என்றும் சொல்வார்கள். 'தெரு' என்ற சொல்லில் ஒரு இளக்காரம் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று கருதி, கட்டைக்கூத்து என்ற பெயரையே வலியுறுத்தும் கலைஞர்கள் உண்டு.

இந்த இசையில் எது பழையது, எது புதியது என்று பிரிக்கப் போனால் குழம்பிவிடுவோம். ஆர்மோனியம் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டி. நாடகக் கம்பெனிகள் அதை எடுத்துக்கொண்டன, கூத்தும் எடுத்துக்கொண்டது. நம் இசைக்கு அந்நியமானது, கமகம் வராது என்று அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971 வரை தடை நீடித்தது. வானொலி நிலையத்துக்குள் நுழைய முடியாத அந்த முப்பது ஆண்டும் ஆர்மோனியம் கிராமத்துக் கூத்து மேடையில் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தது. ராகங்களுக்குக் கர்நாடக சங்கீதப் பெயர்கள், அவற்றைப் பாடும் விதம் மட்டும் கூத்துக்கே உரியது. நடுவில் சினிமா மெட்டும் வரும். தீப்பந்தம் போய் பெட்ரோமாக்ஸ் வந்தது, பிறகு டியூப் லைட் வந்தது, மைக் வந்தது. எல்லாம் ஒரு காலத்தில் புதுசுதான்.

கூத்துக்காரர்களின் உச்சக் குரலுக்கும் காரணம் உண்டு. திறந்த வெளியில், மைக் இல்லாத காலத்தில், கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் கேட்க வேண்டும். அதற்காகவே பழக்கிய குரல். அந்தக் குரலை மைக்கில் விட்டு, நான்கு பக்கமும் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் அது நம் ஐந்தாவது மாடிக்கு இரைச்சலாகத்தான் வரும். அன்று நம்மை எழுப்பியது கூத்தா, ஸ்பீக்கரா என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

புரிசைக்கு வந்த பிரெக்ட்டும் மார்க்வெஸும்

செய்யாறு பக்கம் புரிசை என்ற ஊர். தலைமுறைகளாகக் கூத்தாடும் தம்பிரான் குடும்பத்தின் ஊர் அது. 1970-களின் நடுவில் சென்னையில் புரிசை நடேச தம்பிரானின் கூத்தைப் பார்த்தார் எழுத்தாளர் ந. முத்துசாமி. அதுவரை நவீன நாடகம் என்றால் மேல்நாட்டைப் பார்த்துச் செய்வது என்றிருந்த எண்ணம் அவருக்கு மாறியது. 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறை தொடங்கினார். அங்கே பயிற்சி பெற்ற நடிகர்கள் சிலரை நாம் இன்று திரையில் பார்க்கிறோம். 2012-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2018-இல் காலமானார். தமிழின் நவீன நாடகத்துக்குப் பாடம் நம் செய்யாற்றுப் பக்கத்திலிருந்து போயிருக்கிறது.

பாடம் ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை. புரிசைக் கலைஞர்களும் வெளியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். புரிசை கண்ணப்ப தம்பிரான் காலத்திலும் அவர் மகன் சம்பந்தன் காலத்திலும் அந்தக் குழு பாரதக் கதையோடு நிற்கவில்லை. ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் வெள்ளை வட்டக் கதையைக் கூத்தாக்கினார்கள். ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்மார் உரிமை கோரும் வழக்கு அது. கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் கதை ஒன்றையும் கூத்தாக்கினார்கள். பெரிய சிறகுகளோடு ஒரு கிழவர் ஒரு வீட்டு முற்றத்துச் சேற்றில் வந்து விழுகிறார். ஊர் அவரைக் கோழிக்கூண்டில் அடைத்து, காசு வாங்கி வேடிக்கை காட்டுகிறது.

அந்தக் கதையைப் படித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. நம் ஊருக்கு வந்திருக்கும் அதிசயத்தை எப்படி நடத்துவது என்று தெரியாத மக்களைப் பற்றிய கதை அது. அதைத் தங்கள் கூத்தில் சொல்லலாம் என்று எடுத்தவர்கள் இங்கிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறார்கள்.

புஞ்சரசந்தாங்கலில் கட்டை கட்டிய பெண் பிள்ளைகள்

மாமண்டூரிலிருந்து அதே சாலையில் காஞ்சிபுரம் நோக்கிப் போனால் ஐயங்கார்குளம் வரும். அந்தப் பக்கம் புஞ்சரசந்தாங்கல் என்ற கிராமத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. பெருங்கட்டூர் பி. ராஜகோபாலும், நெதர்லாந்திலிருந்து கூத்தை ஆராய வந்த ஹன்னே டி புருயின் அம்மையாரும் முன்நின்று, கலைஞர்கள் சேர்ந்து 1990-இல் தொடங்கிய சங்கம். ராஜகோபால் பத்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு அப்பாவின் கூத்துக் குழுவில் சேர்ந்தவர். கூத்து கற்க வரும் பிள்ளைக்குப் படிப்பு போய்விடுகிறது, படிக்கப் போகும் பிள்ளைக்குக் கூத்து போய்விடுகிறது என்பதைத் தன் வாழ்க்கையிலேயே பார்த்தவர்.

அதற்கு 2002-இல் ஒரு வழி கண்டார்கள். குருகுலம். பிள்ளைகள் அங்கேயே தங்கி, பள்ளிப் பாடமும் படித்து, கூத்தும் கற்றார்கள். இதில் பெரிய மாற்றம், பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. அதுவரை கூத்தில் திரௌபதி வேஷமும் ஆண்கள்தான் போடுவார்கள். குருகுலத்தில் பெண்கள் திரௌபதி ஆனதோடு, கட்டை கட்டித் துரியோதனனும் துச்சாதனனும் ஆனார்கள். திரௌபதியின் கூந்தலைப் பிடித்து இழுக்கும் கை ஒரு பெண்ணின் கை என்றால், பார்க்கிறவர்களுக்கு அந்தக் காட்சி வேறாகிவிடுகிறது. வரியோ மெட்டோ மாறாமலே கூத்து புதிதாகிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் கர்நாடக இசைக் கலைஞர்கள் டி.எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் இந்தக் குழுவோடு சேர்ந்து கர்நாடக கட்டைக்கூத்து என்று ஒரே மேடையில் நடத்தினார்கள். ஒரு பக்கம் தம்பூராவோடு தரையில் உட்கார்ந்து பாடுகிறவர்கள், இன்னொரு பக்கம் சலங்கை கட்டிச் சுழன்றுகொண்டே உச்சக் குரலில் பாடுகிறவர்கள். இரண்டையும் கலக்கி ஒன்றாக்கிவிடவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. நம் ஊர்ப் பக்கம் தறி தெரிந்தவர்களுக்குக் கோர்வை என்றால் புரியும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா, கூட ஒரு ஆள். இரண்டும் தனித்தனியாகத் தெரியும், ஆனால் இழுத்தால் பிரியாது. அவர்கள் முயன்றது அந்த மாதிரி வேலை.

குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டு நடந்திருக்கிறது. அங்கே படித்தவர்கள் இப்போதும் ஆடுகிறார்கள், சங்கமும் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு பள்ளி இங்கிருந்து இவ்வளவு பக்கத்தில் நடந்ததும் மூடியதும் நம்மில் பலருக்குத் தெரியவே இல்லை.

ஒரு சாலையின் இரண்டு பக்கம்

நம்மைப் போல அடுக்குமாடியும் பழைய ஊரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடங்களில் இதை எப்படிச் செய்தார்கள்? சென்னையில் ஒரு உதாரணம் உண்டு. பெசன்ட் நகர் வசதியானவர்கள் இருக்கும் பகுதி. அதை ஒட்டி ஊரூர் ஆல்காட் குப்பம், மீனவர் ஊர். நடந்து போகும் தூரம்தான். ஆனால் பெசன்ட் நகர்வாசிகள் பலர் குப்பத்துக்குள் போனதே இல்லை. டி.எம். கிருஷ்ணா, சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன், குப்பத்து மக்கள், நண்பர்கள் சேர்ந்து 2015-இல் அங்கே ஒரு விழா தொடங்கினார்கள். சபாக்களில் மட்டும் கேட்கும் கர்நாடக சங்கீதமும் பரதநாட்டியமும் குப்பத்து மேடைக்கு வந்தன. அதே மேடையில் பறையும் வில்லுப்பாட்டும் கூத்தும். டிக்கெட் கிடையாது. முன்வரிசை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை.

குப்பத்து ஜனங்களுக்கு உயர்ந்த இசை கொண்டுபோகிறார்கள் என்று சிலர் பாராட்டினார்கள். நடத்தியவர்களுக்கு அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை. கொண்டுபோவது ஒரு பக்கம் மட்டும் நடந்தால் அது தானம். இரண்டு பக்கமும் நடந்தால்தான் அக்கம்பக்கம் என்று சொல்ல முடியும். கிருஷ்ணாவுக்கு 2016-இல் மகசேசே விருது கிடைத்தது. 2017 ஜனவரியில் அவர் பாடி வெளிவந்த சென்னை பொறம்போக்குப் பாடலையும் நம்மில் பலர் யூடியூபில் பார்த்திருப்போம். கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத் தமிழில் எழுதியதை, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் கர்நாடக ராகங்களில் அமைத்தார். எண்ணூர் முகத்துவாரத்தைப் பற்றிய பாட்டு அது. ஏரி, குளம், கழிமுகம் எல்லாம் ஊருக்குப் பொது என்பது விஷயம். மாமண்டூர் ஏரித் தண்ணீரை நம்பும் வட்டாரத்தில் இருக்கும் நமக்கு அது தூரத்துச் சமாசாரம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது

தூக்கம் கெட்டவர்களின் நியாயத்தை நான் மறக்கவில்லை. மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. திருவிழாக் காலத்துக்காக ஆண்டுக்கு 15 நாள் வரை, நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு கொடுக்கலாம். உச்ச நீதிமன்றம் 2005-இல் இதை உறுதி செய்தது. ஆக, அன்று போன் செய்தவர் சட்டப்படி தவறு எதுவும் செய்யவில்லை.

ஆனால் அந்த நேரத்தைக் கவனியுங்கள். இரவு பத்து முதல் காலை ஆறு. அது அப்படியே கூத்தின் நேரம். பகலில் வயலிலும் தறியிலும் வேலை செய்தவர்கள் ராத்திரி உட்கார்ந்து பார்ப்பதற்காக ஏற்பட்ட நேரம். டி.ஜே. பெட்டிகளுக்கும் கட்சிக் கூட்டங்களுக்கும் தேவையான விதி, தெரிந்தோ தெரியாமலோ, நம் வட்டாரக் கலை ஒன்றின் முழு ஆயுளையும் தடை நேரத்துக்குள் போட்டுவிட்டது. இதனால் சில இடங்களில் கூத்தைச் சுருக்கி மாலை ஏழு முதல் பத்து வரை என்று ஆடுகிறார்கள். எட்டு மணி நேரக் கதையை மூன்று மணி நேரத்தில் ஆடினால் முதலில் போவது எது தெரியுமா? பாட்டுத்தான். நிதானமாக எடுத்து விரிக்கும் விருத்தங்கள் போய்விடும். கதையும் கட்டியக்காரன் ஜோக்கும் மிஞ்சும்.

டீக்கடையில் ஒரு பேச்சு

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கூட்ரோட்டு டீக்கடையில் அன்று ஆர்மோனியம் வாசித்தவரைத் தற்செயலாகப் பார்த்தேன். கடைக்காரர்தான் சொன்னார். நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்ததும் அவர், "அந்தக் கட்டடமா சார்? அன்னைக்கு உங்களுக்கெல்லாம் தூக்கம் கெட்டுப்போச்சாமே, மனசுல வச்சிக்காதீங்க" என்றார். போன் செய்யச் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"மைக் இல்லாமக் கஷ்டமா இல்லையாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்க அப்பா காலத்துல மைக் ஏது சார்? அன்னைக்கு வாத்தியார் பாடினதத்தான் ஊர்ல இன்னும் பேசிக்கினு இருக்காங்க. மைக் இருந்தா சோம்பேறியாப் பாடிடுவோம்" என்று சிரித்தார். பிறகு, "நீங்க ஒருநாள் வாங்க சார். நாற்காலி போடச் சொல்றேன்" என்றார். டீக்குக் காசும் அவரே கொடுத்துவிட்டார்.

நாம் என்ன செய்யலாம்

அடுத்த பொதுக்குழுவுக்கு நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, அடுத்த பாரத விழா தொடங்குவதற்கு முன்பே நம் சங்கத்திலிருந்து இரண்டு மூன்று பேர் ஊருக்குப் போய்ப் பெரியவர்களைப் பார்த்துப் பேசலாம். எந்தெந்த நாள் கூத்து என்று கேட்டு நம் அறிவிப்புப் பலகையில் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. குழந்தை வைத்திருப்பவர்கள் அன்று பின்பக்க அறையில் படுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, குழாய் ஸ்பீக்கர்களை நம் பக்கம் திருப்பாமல் கட்ட முடியுமா, பன்னிரண்டு மணிக்கு மேல் ஒலிபெருக்கி இல்லாமல் ஆட முடியுமா என்று கேட்கலாம். அவர்களால் முடியும் என்பதை அன்று நாமே கேட்டோம். ஆனால் இது போலீஸ் சொல்லி நடப்பதற்கும் அக்கம்பக்கத்தார் கேட்டு நடப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

மூன்றாவது, நம் ஆண்டு விழா. புது மாதிரி இசை வேண்டும் என்றால் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு கூத்துக் குழுவை முழுச் சம்பளம் கொடுத்து அழைக்கலாம். பரிசளிப்புக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் இருபது நிமிஷ ஐட்டமாக வேண்டாம். மாலை ஆறரைக்குத் தொடங்கி நான்கு மணி நேரமாவது கொடுப்போம். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, கடைசி அரை மணி நேரம் மைக் இல்லாமல் கேட்டுப் பாருங்கள். நான் பால்கனியில் கேட்டதை நீங்கள் பக்கத்திலேயே கேட்கலாம். பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் கேட்டைத் திறந்து வைப்போம்.

நான்காவது, இதற்குச் செலவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாமண்டூர் மலைக்குப் போய் வரலாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். கல்வெட்டைப் படிக்க முடியாது. ஆனால் அந்தத் தூண்களுக்கு நடுவில் நின்று ஒரு குரல் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

என் பங்குக்கு, அடுத்த சித்திரையில் ஒரு இரவு ஊருக்குள் போய் உட்கார்ந்து பகடை துகிலை விடியும் வரை பார்ப்பதாக இருக்கிறேன். போன் செய்யச் சொன்னது நான்தான் என்று ஆர்மோனியக்காரரிடம் அன்று சொல்லிவிட வேண்டும். கூட வர விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். நாற்காலி தேவையில்லை, பாய் கொண்டுவந்தால் போதும்.